புதுத்தண்ணீருக்குக் காத்திருக்கும் கெண்டைகள்

செட்டிநாட்டுக் கண்மாய்களுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் வெறும் மணல்தடமாகக் கிடப்பவை. அவற்றில் ஆடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், கருவேலங்கன்று முளைத்துக் கிடக்கும். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதல் வாரத்திலோ நல்ல மழை இரண்டு இறங்கியதும் அதே தடத்தில் கலங்கல் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடத் தொடங்கும். ஓடத் தொடங்கிய இரவிலேயே, கண்மாயின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பரப்பில், எஞ்சியிருந்த குட்டையிலிருந்து விரல் நீளக் கெண்டைகள் கூட்டம் கூட்டமாக அந்த ஓட்டத்தை எதிர்த்து ஏறும். ‘புதுத்தண்ணிக்கு மீன் ஏறுது’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஏறும் மீன் ஒன்றைக் கையில் எடுத்து வயிற்றை லேசாக நீவினால் முட்டையோ வெண்ணிற விந்துநீரோ வெளிப்படும். முட்டையிடத்தான் அவை அவ்வளவு பாடுபட்டு ஏறுகின்றன.

இதே கெண்டைகளை வீட்டில் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்கள் இப்போது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் ஓரளவு இருக்கிறார்கள். கடையில் வாங்கிய கப்பியும் மோலியும் மாதந்தோறும் குட்டி போட்டுத் தள்ளும் அதே வீட்டில், பக்கத்துத் தொட்டியில் இருக்கும் உள்ளூர்க் கெண்டை நன்றாகத் தின்று, நன்றாகக் கொழுத்து, மூன்று ஆண்டானாலும் ஒரு முட்டையும் இடாமல் இருக்கும். நோயில்லை, நீரில் குறையில்லை, ஆணும் பெண்ணும் இருக்கின்றன. ஆனாலும் ஒன்றும் நடப்பதில்லை. வளர்ப்பவர் தன் கவனிப்பில் குறை என்று நினைத்து வடிகட்டியை மாற்றுகிறார், தீவனத்தை மாற்றுகிறார். என் அனுபவத்தில் சிக்கல் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கவனிப்பு மிகச் சீராக இருப்பதுதான் காரணம். வாராவாரம் கால் பங்கு நீர் மாற்றி, ஒரே வெப்பநிலையில், ஒரே மட்டத்தில் வைக்கப்படும் தொட்டியில் கோடையும் வருவதில்லை, மழையும் வருவதில்லை. மழை வராத இடத்தில் இந்த மீன் முட்டையிடுவதில்லை.

இதைப் புரிந்துகொள்ள இந்த வட்டாரத்தின் நீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓடை மீன் என்றவுடன் மேற்குத் தொடர்ச்சி மலையின் பளிங்கு போன்ற அருவியோடைகள் நினைவுக்கு வரும். சிவகங்கை மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஓடை கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு, சருகணியாறு என்று பெயர்கள் இனிமையாக இருந்தாலும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடுகிற ஆறுகள் அவை. நடுவே நூற்றுக்கணக்கான கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன: மேற்கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக வழிந்து கீழ்க்கண்மாய்க்கு வரும், அது நிறைந்தால் அதற்கும் கீழே போகும். இந்த அமைப்பில் ஓடை என்பது இரண்டு நீர்நிலைகளை ஆண்டில் சில வாரம் மட்டும் இணைக்கும் பாதை. மீனுக்கு அது குடியிருக்கும் இடமன்று, பிள்ளை பெறப் போகும் இடம்.

மீதி மாதங்களில் மீன்கள் எங்கே போகின்றன என்பது தனிக்கதை. கண்மாயில் மடைக்கு முன்னாலுள்ள பள்ளத்திலும், ஆற்று மடுவிலும், வற்றாத ஊருணிகளிலும், சில நேரம் வயற்கிணறுகளிலும் அவை ஒதுங்குகின்றன. விரால், குறவை, பனையேறி போன்றவை காற்றை நேரடியாகவும் சுவாசிக்கக் கூடியவை. சேறும் சகதியுமான குட்டையிலும் தாக்குப்பிடிக்கும். பனையேறிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனியப் படை அதிகாரி, அது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதிய குறிப்பு 1797-இல் லண்டனில் அச்சாகி, நூறாண்டுக்கு மேல் விவாதிக்கப்பட்டது. கெண்டைகளுக்குக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் வசதி இல்லை. கடைசிக் குட்டை வற்றும்போது கெண்டைகளில் பெரும்பகுதி மடியும். எஞ்சிய கொஞ்சம்தான் அடுத்த மழைக்கு ஏறி, ஊரெல்லாம் நிறைக்கும். பங்குனி, சித்திரையில் சிங்கம்புணரி, திருப்பத்தூர், பொன்னமராவதிப் பக்கக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடத்தி, ஊத்தா, கச்சா என்ற மீன்பிடி கருவிகளைக் கொண்டு மொத்த ஊரும் இறங்கி மீனை வாரிவிடுவதும் இந்த ஏற்பாட்டை அறிந்த செயல்தான். விட்டாலும் சாகப்போகிற மீன்.

தொட்டிக்கு ஏற்றவை எவை என்று கேட்டால் பெயரிலேயே இடறல் வரும். எங்கள் பக்கத்தில் சுண்டுவிரலுக்குச் சிறிதான எல்லா மீனுக்கும் ‘பொடி’ என்ற ஒரே பெயர். உற்றுப் பார்த்தால் அந்தப் பொடியில் குறைந்தது நான்கைந்து இனம் கலந்திருக்கும். வாலடியில் கரும்புள்ளி வைத்த புன்டியஸ் வகைக் கெண்டைகள் மிகுதி. மூக்கிலிருந்து வால்வரை ஒற்றைக் கருங்கோடு ஓடும் ராஸ்போரா, கோடு வகுத்தாற்போல் ஒளிரும். தொட்டியில் கூட்டமாகத் திரும்பும்போது விலையுயர்ந்த வெளிநாட்டு மீனெல்லாம் தோற்கும் என்பது என் கட்சி. மேற்பரப்பில் அசையாமல் நின்று, தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன, கொசுப்புழுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கும் சிறு மீன் ஒன்று உண்டு; அறிவியலில் அப்லோகைலஸ். அடித்தளத்தில் மணலுக்குள் தலைநீட்டிக் கிடக்கும் அயிரையைச் சொல்லவே வேண்டாம், நம் வீடுகளில் அதைக் குழம்பாக மட்டுமே அறிவோம். அதன் அறிவியல் பெயரின் பின்பாதி ‘தெர்மாலிஸ்’. வெப்பத்தைக் குறிக்கும் சொல். திருகோணமலை கன்னியா வெந்நீரூற்றுகளில் கிடைத்த மாதிரியைக் கொண்டு பிரெஞ்சு அறிஞர் வலென்சியன் 1846-இல் இட்ட பெயர் அது. வெயிலில் கொதிக்கும் செட்டிநாட்டுக் கண்மாய்ச் சேற்றில் அது எப்படி வாழ்கிறது என்று வியப்பவர்களுக்கு அந்தப் பெயரே பாதி விடை. மேலே வந்து காற்றை விழுங்கி, குடல் வழியாகவும் உயிர்வளியைப் பெற்றுக்கொள்ளும் திறன் மீதி விடை.

இனி, மழைக்கும் முட்டைக்கும் உள்ள தொடர்பு. பெண் மீனின் சூலகத்தில் முட்டை வளர்வது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதற்கட்டத்தில் கல்லீரலில் உருவாகும் கருவுணவுப் புரதம் இரத்தத்தின் வழி வந்து முட்டையில் சேர்கிறது. இதற்கு வாரக்கணக்கில் ஆகும், நல்ல இரை வேண்டும். அது முடிந்ததும் முட்டை அப்படியே நின்றுவிடும். கடைசிக் கட்டமான முதிர்வும் வெளியேற்றமும் மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி திடீரென ஹார்மோனைக் கொட்டினால்தான் நடக்கும், அதுவும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தச் சுரப்பியை உசுப்பும் சைகை வெளியிலிருந்து வர வேண்டும்: நீர் குளிர்தல், நீரில் கரைந்த உப்புகள் நீர்த்துப் போதல், மட்டம் உயர்தல், ஓட்டம் தோன்றுதல், புதிதாக நனைந்த மண்ணின் வாடை. இவற்றில் ஏதோ ஒன்றே போதும் என்று சொல்ல முடியாது; பல சேர்ந்து வரும்போதுதான் மீன் நம்புகிறது. சைகை வராமலே பருவம் கடந்துவிட்டால் சேர்த்த முட்டையை உடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மூன்றாண்டு முட்டையிடாமல் கொழுத்து நிற்கும் தொட்டிக் கெண்டையின் கதை இதுதான்.

பெரிய மீன்களில் இது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய குளத்தில் வளரும், முட்டையிடா. வங்காளத்தின் வறண்ட மாவட்டங்களில் மேட்டுநிலத்தில் ஒரு கரை கட்டி, முதல் மழைநீர் அதில் பாய்ந்து வரும்போது சினைமீன்களை விட்டு, ஓடும் புதுநீரில் முட்டையிட வைக்கும் பழக்கம் அந்த ஊராரிடம் இருந்தது. பின்னர் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகச் செலுத்தி மழையில்லாமலே இந்தியக் கெண்டையை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஊசி செய்வது சுரப்பியின் வேலையை. வீட்டில் இரண்டங்குலக் கெண்டைக்கு ஊசி போடுவது தேவையற்றது, பழகாத கையில் கொலையும்கூட. நமக்கு வங்காளத்துக் கரைக்காரரின் வழி பொருந்தும்: மீனைத் தொடாமல், தண்ணீரை மாற்றுவது.

தொட்டியைப் பொறுத்தவரை உயரத்தைவிட நீளம் முக்கியம். ஓட்டத்தில் வாழும் மீனுக்கு ஓட இடம் வேண்டும். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி சுமார் 80 லிட்டர் கொள்ளும், அதில் பத்துப் பன்னிரண்டு கெண்டைகள் நிம்மதியாக இருக்கும். எட்டுக்குக் குறைந்தால் மிரண்டு மூலையில் ஒதுங்கும். ஒரு முனையில் சிறு பம்பு வைத்து நீளவாக்கில் ஓட்டம் தர வேண்டும். மேலே வலை போட்டு மூடுவது கட்டாயம், ஏனென்றால் ஏறிப் பழகிய மீன் குதிக்கும். மூடாத தொட்டியின் கெண்டை மறுநாள் காலையில் ஆத்தங்குடித் தரைக்கல்லின் மேல் காய்ந்து கிடக்கும். அடியில் ஆற்றுமணல், அதன்மேல் செம்பூராங்கல் என்ற செந்நிறத் துளைக்கல்லின் துண்டுகள். பழைய வீடு இடிக்கும் இடங்களில் செம்பூராங்கல் எளிதாகக் கிடைக்கிறது, நீரின் கடினத்தைக் கூட்டாது, அதன் துளைகளில் நன்மை செய்யும் பாக்டீரியா குடியேறும். ஆனால் அதில் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருந்தால் ஆகாது. சந்தேகமிருந்தால் கல்லின்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் அது தொட்டிக்கு வேண்டாம். செடிக்கு வேலம்பாசியும் கொட்டிச் செடியும் போதும், இரண்டும் கண்மாயில் உள்ளவையே.

வடிகட்டியில் பாக்டீரியா வளர்ந்து அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றப் பழகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பது எல்லாத் தொட்டிக்கும் பொதுவான பாடம், விரிக்கத் தேவையில்லை. இங்கே கூடுதலாக ஒன்று உண்டு. எங்கள் வட்டாரத்தில் பல ஊர்களின் போர்த் தண்ணீர் உப்பும் காரமும் கொண்டது. அம்மோனியாவின் நச்சு வடிவம், காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஒன்று கூடினால் ஏறக்குறைய பத்து மடங்காகும், வெப்பம் கூடினாலும் கூடும். ஆகவே மென்னீரில் மீன் பொறுத்துக்கொள்ளும் அழுக்கை, கோடையில் எங்கள் போர்த் தண்ணீரில் பொறுக்காது. காரைக்குடி நகரவாசிகளுக்குச் சம்பை ஊற்று என்ற நல்ல தண்ணீர்க் கொடை இருக்கிறது. ஆனாலும் குழாயில் வருவதில் குளோரின் இருக்கும் என்பதால் ஒரு நாள் வாய் அகன்ற பாத்திரத்தில் காற்றோட்டமாக வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

மழைநீர் பிடிப்பதில் செட்டிநாட்டு வீடுகளுக்கு நிகரில்லை. நான்குபுறத்து ஓட்டுச் சரிவும் முற்றத்தை நோக்கியது. மூலைக்கு மூலை, இரண்டு சரிவுகள் கூடும் கூடல்வாயிலிருந்து மழைநீர் கொட்டும், கீழே அண்டா வைத்துப் பிடிப்பார்கள், மிஞ்சியது கிணற்றுக்கும் ஊருணிக்கும் போகும். இந்த வசதியை நம்பித்தான் நான் முதல் முறை மொத்தமாக ஏமாந்தேன். ஆச்சி காலத்துச் செம்பு அண்டாவை விளக்கித் துடைத்து, முற்றத்து மழைநீரைப் பிடித்து, இரண்டு நாள் மூடிவைத்து, ‘புதுத்தண்ணீர்’ என்று பெருமையாகத் தொட்டியில் ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் கெண்டைகள் மேலே வந்து வாய்பிளந்தன. பம்பைக் கூட்டினேன், பயனில்லை. விடிவதற்குள் பதினொன்றில் ஏழு போயின. செத்தவற்றின் செவுள்களில் கோழை படிந்திருந்தது. மழைநீர் சற்றே அமிலத்தன்மை கொண்டது, உப்பு அற்றது. செம்பைக் கரைப்பதற்கு அதுபோல் வேறில்லை. கடின நீரில் இருக்கும் கால்சியம் செம்பின் வேகத்தைக் கொஞ்சம் தடுக்கும், மென்னீரில் அந்தத் தடுப்பும் கிடையாது. மனிதர் குடித்தால் ஒன்றும் செய்யாத அளவு செம்பு, மீனின் செவுளைக் கெடுக்கப் போதுமானது. பித்தளையும் அப்படியே. அந்த இழப்புக்குப் பின் மழைநீரை மண்பானையில்தான் பிடிக்கிறேன். அதில் கேட்காமலே இன்னொரு பயன் கிடைத்தது: பானை நீர் கசிந்து ஆவியாவதால் தொட்டி நீரைவிட மூன்று நான்கு பாகை குளிர்ந்திருக்கும். முட்டையிட வைக்க வேண்டிய குளிர்ச்சி அதுவே.

பருவத்தின் முதல் மழையைப் பிடிக்கக் கூடாது. ஆறு மாதத் தூசியும் பறவை எச்சமும் ஓட்டிலிருந்து கழுவிக்கொண்டு வரும். இரண்டாவது, மூன்றாவது மழை நல்லது.

இனி ஆண்டை எப்படி அமைப்பது என்று பார்க்கலாம். மாசி முதல் ஆடி வரை தொட்டியைக் கோடைக்கு விட்டுவிட வேண்டும். நீர் மாற்றுவதை நிறுத்தச் சொல்லவில்லை. மாற்றும் அளவைக் குறைத்து, ஆவியாகும் நீரை முழுக்க ஈடுசெய்யாமல், மட்டத்தை மெல்ல மெல்ல முக்கால் பங்குக்கு இறக்கலாம். உப்புச்செறிவு சற்று ஏறும், ஓட்டத்தையும் குறைத்துவிடலாம். 25 பாகை (செல்சியஸ்) வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் 8.3 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும், 35 பாகையில் 7 மில்லிகிராமுக்கும் குறைவு; ஆகவே காற்றுக்குமிழியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது. சித்திரை வெயிலில் தொட்டி 33 பாகையைத் தாண்டினால் மேற்பரப்பின் மேல் சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தால் போதும், ஆவியாதலால் தானே இறங்கும். தீவனமும் இந்த மாதங்களில் மிதம்தான்.

ஆவணி பிறந்ததும் போக்கை மாற்ற வேண்டும். கொசுப்புழு, நீர்த்தெள்ளு (டாஃப்னியா), புழு என்று உயிருள்ள இரையை நாளுக்கு இருமுறை கொடுத்தால் மூன்று வாரத்தில் பெண்களின் வயிறு மேலிருந்து பார்க்கும்போது பக்கவாட்டில் பிதுங்கும், ஆண்களின் உடலில் செம்மை ஏறும். முட்டையிடும் தொட்டி தனியாக இருப்பது நல்லது: இரண்டடி நீளம், அரையடி நீர், அடியில் நெருக்கமாகக் கோலிக்குண்டுகள், ஒரு பக்கம் வேலம்பாசிக் குவியல். கோலிக்குண்டு விளையாட்டுக்கன்று, இந்த மீன்கள் முட்டையிட்ட மறுநிமிடமே திரும்பிவந்து அதைத் தின்னும், குண்டுகளின் இடுக்கில் விழுந்த முட்டைதான் தப்பும். மாலையில் இரண்டு ஆணும் ஒரு பெண்ணும் அதில் விட்டு, மூன்றில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, அடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலில் பானை மழைநீரை ஊற்றித் தொங்கவிட வேண்டும். தூறல்போல் இரண்டு மணி நேரம் விழும். வானத்திலும் அன்று மழை பெய்தால் காரியம் இன்னும் எளிதில் கைகூடுகிறது. தற்செயலா, காற்றழுத்தம் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் வானம் பார்த்துத்தான் நான் இதைத் தொடங்குகிறேன்.

மறுநாள் விடியற்காலம் ஐந்தரைக்கு முற்றத்தில் வெளிச்சம் படரும் நேரத்தில் பார்க்க வேண்டும். ஆண் மீன் பெண்ணின் விலாவில் முகத்தை வைத்து நெட்டித் தள்ளும். பெண் விலகி ஓடும், மறுபடியும் வரும். கால் மணி நேரத்துக்குப் பிறகு இரண்டும் பாசிக்குள் புகுந்து, உடலோடு உடல் ஒட்டி, ஒரு கணம் நடுங்கி நிற்கும். அந்த நடுக்கத்தில் கடுகிலும் சிறிய பத்துப் பன்னிரண்டு மணிகள் உதிரும், கண்ணாடிபோல் இருப்பதால் பின்னால் கறுப்புத் தாள் வைத்தால்தான் தெரியும். இப்படி ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஓய்ந்ததும் பெரியவற்றை உடனே எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்து நான் காபி குடிக்கப் போய் வந்த ஒரு நாளில் எல்லா முட்டையும் காலியாகியிருந்தது.

27 பாகை வெப்பத்தில் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிக்கும். பால்வெள்ளையாக மாறும் முட்டை கருவுறாதது, அதில் பூசணம் பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும் என்பதால் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுப்பது வழக்கம். பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தொங்கும். வயிற்றிலுள்ள கரு அதற்கு உணவு. நீந்தத் தொடங்கும் நாளில்தான் உண்மையான சோதனை. அந்த வாய்க்குள் பொடித்தீவனம் நுழையாது, முட்டைக்கருவைக் கரைத்து ஊற்றினால் நீர் நாறிப்போகும். வைக்கோல் கொஞ்சம் எடுத்துக் கொதிக்கவைத்து ஆறிய நீரில், கண்மாய்த் தண்ணீர் ஒரு கரண்டி விட்டு நான்கைந்து நாள் நிழலில் வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகி நீர் லேசாக மங்கும். அதுவே முதல் வாரத்து உணவு. ஆகவே வைக்கோல் நீரை மீன் விடுவதற்கு மூன்று நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குப் பிறகு ஆர்ட்டீமியா என்ற உவர்நீர்ச் சிற்றுயிரின் முட்டையை உப்புநீரில் ஒரு நாள் பொரிக்கவைத்து, நல்ல நீரில் அலசிக் கொடுக்கலாம். இயற்கையிலும் நடப்பது இதுதான்: புதிதாக நனைந்த வயலிலும் கண்மாய் ஓரத்துப் புல்தரையிலும் மக்கும் இலைதழையால் நுண்ணுயிர் பெருகியிருக்கும், பெரிய மீன்கள் அங்கு இன்னும் வந்திருக்கமாட்டா. வயலும் ஓடையும் வடிவதற்குள் குஞ்சுகள் நீந்தக் கற்றுக் கண்மாய்க்குத் திரும்பிவிடும்.

எல்லா உள்ளூர் மீனும் இப்படி முட்டையைச் சிதறிவிட்டுப் போவதில்லை. வெள்ளிப்பொட்டு அப்லோகைலஸ் ஆண்டு முழுவதும் நாளுக்குச் சில முட்டையாகச் செடிவேரில் ஒட்டும், பொரிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன். தேங்கிய நீரில் வாழும் சூடோஸ்பிரோமினஸ் என்ற சிறு மீனில் ஆண் இலைக்கடியில் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். நாட்டுவாதுமைச் சருகு ஒன்று மிதக்கவிட்டால் கூடு கட்ட இடமாகும், நீரும் சற்றே சிவந்து இதமாகும். இதன் இனப்பெயர் ‘கூபானஸ்’. புதுச்சேரி அரியாங்குப்பத்து ஆற்றிலிருந்து போன மாதிரிக்குப் பிரெஞ்சு அறிஞர் குவியே 1831-இல் ஊர்ப்பெயரின் பின்பாதியைச் சூட்டினார். சிறிய குறவை வகை ஒன்றில் தகப்பன் வாய்க்குள் முட்டையை அடைகாக்கும், அந்த நாட்களில் இரை எடுக்காது. அதைப் பொடி மீன்களோடு ஒரே தொட்டியில் விட்டவர் மறுநாள் குறவையை மட்டுமே பார்ப்பார்.

மீனை எங்கிருந்து எடுப்பது என்பதில் சட்டமும் ஊர்முறையும் இருக்கின்றன. கண்மாயின் மீன்பாசி, அதாவது மீன்பிடிக்கும் உரிமை, பெரும்பாலும் ஏலத்தில் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைதாரரிடம் சொல்லிவிட்டு எடுத்தால் அவர் பொடி மீனுக்குக் காசு வாங்கமாட்டார், சிரிப்பார். காப்புக்காட்டு ஓடைகளில் அனுமதியின்றிக் கைவைக்கக் கூடாது. முட்டையிட ஏறுகிற மீனை மறித்துப் பிடிப்பது எந்த விதத்திலும் சரியன்று, கோடையில் வற்றும் குட்டையிலிருந்து எடுப்பதே முறை. ஏற்றுமதி ஆசை ஒரு மீனை என்ன செய்யும் என்பதற்கு ‘மிஸ் கேரளா’ சான்று. சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரை மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே 1865-இல் சூட்டிய அந்தக் கெண்டை, தொட்டிக்காரர்களின் மோகத்தால் காட்டோடைகளில் அருகி, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலுக்குள் வந்துவிட்டது. செட்டிநாட்டுப் பொடிகளுக்கு அந்த ஆபத்து இல்லை. இவற்றை அரிப்பது வேறு: தூர்ந்த வரத்துக்கால், மீன் ஏற முடியாதபடி செங்குத்தாகக் கட்டிய சிமென்ட் கலுங்கு, 1928-இல் கொசுவை ஒழிக்கக் கொண்டுவந்த கம்பூசியா மீன், 1952-இல் வந்து இன்று ஜிலேபி என்ற பெயரில் எல்லாக் கண்மாயையும் பிடித்துக்கொண்ட திலாப்பியா.

வீட்டில் பொரித்த குஞ்சுகளைக் கண்மாயில் விட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்கள் உண்டு. விடக்கூடாது என்பதே என் கருத்து. தொட்டியில் கடை மீன்களோடு இருந்த நோய்க்கிருமி அதனுடன் போகும். மூன்று ஜோடியிலிருந்து வந்த ஐந்நூறு குஞ்சு அங்குள்ள மீனின் மரபுவளத்துக்கு எதையும் சேர்க்காது. தொட்டிக்குள்ளும் இதே கணக்குத்தான்: உடன்பிறந்தவற்றையே இணைத்துக்கொண்டு போனால் நான்காவது தலைமுறையில் முதுகெலும்பு வளைந்த குஞ்சுகள் தலைகாட்டுகின்றன. இரண்டாண்டுக்கு ஒருமுறை வேறு ஊரில் வளர்ப்பவரிடம் ஆண்களை மாற்றிக்கொள்வது நல்லது. எனக்குத் தேவகோட்டையில் அப்படி ஒருவர் இருக்கிறார், பேருந்தில் தூக்குவாளியோடு வருவார்.

அயிரை மட்டும் இன்னும் என்னிடம் பிடிகொடுக்கவில்லை. முதல் முறை வாரச்சந்தையில் உயிர் அயிரை அரைக்கிலோ கேட்டு, அதில் நல்லதாகப் பதினைந்து மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, விற்ற அம்மா, “ஏப்பா, கொழம்புக்கு எடுக்குறியா, பொண்ணுக்கு மாப்ள பாக்குறியா?” என்று கேட்டார். கேள்வி சரிதான், ஆணைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மார்புத் துடுப்பின் உட்பக்கத்தில் இரண்டு கதிர்கள் ஒன்றாக ஒட்டித் தடித்திருந்தால் அது ஆண், கைவிளக்கைப் பிடித்துத்தான் பார்க்க முடியும். பதினைந்தில் ஐந்து ஆண் தேறின. மூன்று ஐப்பசி கடந்துவிட்டது. பெண்கள் ஒவ்வோர் ஆண்டும் வயிறு பருக்கின்றன. பானைத் தண்ணீர் தூறும் இரவில் மணலைவிட்டு வெளியே வந்து கண்ணாடி நெடுக ஏறி இறங்குகின்றன. விடிந்தால் மறுபடியும் மணலுக்குள் போய்விடுகின்றன. பிறகு கார்த்திகையில் வயிறு வற்றிவிடுகிறது. மணல் போதாது, காய்ந்து வெடித்து நனைந்த வண்டலே வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அதனால் இந்தப் பங்குனியில் கண்மாய் உள்வாயிலிருந்து வெடித்த வண்டல் கட்டிகளை இரண்டு சாக்கில் எடுத்துவந்து, மழை படாமல் வீட்டின் பட்டாலைக் கூடத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன்.